குழி செத்த நாள்

ஊசிமலைத் தோட்டத்தில் என்னைச் சுகிர்தம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கீழ்க்கணக்கு என்கிற கீழ்ப் பிரிவின் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் ஆயாம்மா என்பார்கள். மேல்கணக்கில் அந்தக் குழி வந்த பிறகு, முதுகுக்குப் பின்னால் குழி ஆயா என்றும் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? நானும் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

குழி ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல்கணக்குத் தொழிலாளர் லயங்கள், அதாவது வரிசை வீடுகள், மலைச்சரிவில் உயரத்தில் இருக்கின்றன, கீழ்க்கணக்கு லயங்கள் அடியில். இடையில் ஒரு சின்ன ஆறு இறங்குகிறது. மேலே குளித்தது, கழுவியது, கக்கூசில் போனது எல்லாம் சாக்கடைக் கான் வழியாக அந்த ஆற்றில் விழும். கீழே அதே ஆற்றுத் தண்ணீர் பீலி என்கிற குழாய்வாயில் வந்து எங்கள் குடத்தில் விழும். வெள்ளைக்காரன் லயம் கட்டிய நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. தன் பங்களாவுக்கு மட்டும் அவன் வேறு மலையிலிருந்து குழாய் போட்டுக்கொண்டான். கெட்டிக்காரன்.

போன வருஷம் பங்குனி வெயிலில் ஆறு சுருங்கியது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. எங்கள் லயத்து மீனம்மாவின் மூத்த பெண், நடை பழகிக்கொண்டிருந்த குழந்தை, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு லொறியில் கொண்டு போகும் வழியிலேயே அடங்கிவிட்டது. அந்த வருஷம் அவள் புருஷன் சின்னராசா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்த தீச்சட்டியை எடுக்காமல் விட்டிருந்தான். அது போதாதா சனங்களுக்கு? நேர்த்திக்கடன் செலுத்தாததால் அம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மீனம்மாவும் அப்படித்தான் நம்பினாள். எனக்கு அந்தத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் என்னத்தைச் சொல்வது?

அதற்குப் பிறகுதான் ஹட்டனிலிருந்து கட்டட வேலை பார்க்கும் மரியநாயகம் ஓவசியர் வந்தார். மேல்கணக்குக் கான்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஆற்றில் விழுவதற்கு முன்னால் மூடிபோட்ட பெரிய குழி ஒன்று கட்டினார். குழியிலிருந்து வழிகிற தண்ணீர் சரளைக்கல் நிரப்பிய பாத்திக்குள் போகும். அந்தப் பாத்தி நிறையக் கல்வாழை நட்டார். அதைத் தாண்டினால் ஒரு திறந்த தொட்டி. தொட்டித் தண்ணீரை மடை வெட்டி மேல்கணக்கு ஆட்களின் லீக்ஸ், கரட் பாத்திகளுக்கு விடலாம். மிஞ்சினது ஆற்றுக்குப் போகும். தொட்டியில் சில மீன்குஞ்சுகளையும் விட்டார். மீன் நீந்தினால் தண்ணீர் நல்லது, வேறு சோதனை வேண்டாம் என்றார்.

"இந்தக் குழிக்கு உசிரு இருக்குங்க சுகிர்தம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க உள்ளுக்குள்ள கெடந்து அழுக்கத் தின்னுது. பினாயில் கினாயில் ஊத்திக் கொன்னுபுடாம பாத்துக்கங்க" என்று என்னிடம் ஒப்படைத்தார். மேல்கணக்கில் அந்தத் தண்ணீர்ப் பக்கம் நிற்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. தினமும் முப்பது பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிற எனக்கு என்ன அருவருப்பு? லயம் லயமாகப் போய்ப் பினாயில் கதையைச் சொன்னேன். பூச்சிக்கும் ஆயாவாகிவிட்டாள் என்று சிரித்தார்கள். சிரித்தாலும் அந்த மழைக்காலத்தில் லீக்ஸ் கை மொத்தத்துக்குத் தடித்து நின்றது. கீழே ஒரு தொட்டிலும் காலியாகவில்லை.

மறுபடி பங்குனி வந்தது. ஆறு மறுபடி இளைத்தது. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள்.

காப்புக் கட்டிவிட்டால் மச்சம் மாமிசம் கிடையாது, தீட்டு ஆகாது. விரதம் இருக்கிறவர்கள் கக்கூஸ் தண்ணீர் பாய்கிற பாத்தியில் கால் வைப்பார்களா? மடையை அடைத்துப் போட்டுவிட்டார்கள். அதனால் தொட்டித் தண்ணீர் முழுவதும் ஆற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் நன்றாயிருக்கும் வரைக்கும் அதில் ஒரு பயமும் இல்லை.

கரகம் பாலிக்கிற அன்று, அதாவது ஆற்றில் செம்பை நிரப்பி அம்மனை அதில் இறக்குகிற அன்று, காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். நான் வேதக்காரி, கிறிஸ்தவள். கோயிலில் எனக்கு வேலை கிடையாது. திருவிழாவுக்கு வெளித்தோட்டங்களிலிருந்து சனம் வந்து லயங்கள் நிரம்பி வழிந்ததால் குழி தாங்குகிறதா என்று பார்க்கப் போனேன்.

கல்வாழைப் பாத்தியை எட்டும் முன்னமே மூக்கில் ஏறியது பினாயில் வாடை. தொட்டிக்கு ஓடினேன். தண்ணீர் அரிசி கழுவின மாதிரி வெள்ளையாக இருந்தது. மீன்குஞ்சுகள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. குழியின் மூடியை நெம்பிப் பார்த்தேன். உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே பொங்கிக்கொண்டு கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. லயத்துப் பக்கம் ஓடினேன்.

லயத்துக் கோடியில் காளியாயி சாணி மெழுகிக்கொண்டிருந்தாள். மேல்கணக்கு வாசக்கூட்டி அவள். லயத்து வாசலும் கானும் கக்கூசும் கூட்டிக் கழுவுவது அவள் வேலை. பக்கத்தில் வெறும் கேன்கள் உருண்டு கிடந்தன.

"என்னாக்கா இது?" என்றேன்.

"பினாயிலு ஆயாம்மா. திருவிழாவுக்குன்னு டிஸ்பென்சரியில கேன் கேனாக் குடுத்தாங்க. அம்மா கரகம் நம்ம லயத்தச் சுத்தி வருதுல்ல? நேத்து நாங்க பொம்பளைங்க எல்லாம் சேந்து கக்கூசு, கானு ஒண்ணு விடாம ஊத்திக் கழுவி விட்டுட்டோம். வாசம் பாருங்க, கற்பூரம் கொளுத்துன மாதிரி கோயிலாட்டம் இருக்கு!" என்று பல் தெரியச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து எப்படித் திட்டுவது? வீட்டுக்குச் சாமி வருகிறது என்று சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். அழுக்காக வைத்திருந்தால் வாய் கிழியத் திட்டியிருப்பேன். சுத்தத்துக்குத் திட்ட முடியுமா? ஓடிப்போய் அடைத்திருந்த மடையை வெட்டினேன். தண்ணீர் ஆற்றை விட்டுத் திரும்பி அவளுடைய லீக்ஸ் பாத்திக்குள் பாய்ந்தது.

"ஐயோ, காப்புக் கட்டியிருக்கு, அந்தத் தண்ணிய விடுறீங்களே!" என்று அவள் அலறினாள்.

"குழி செத்துப்போச்சுக்கா! கீழ ஆத்துல விசந்தான் ஓடுது!" என்று கத்தினேன்.

அப்போது கீழேயிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. கரகக்காரரை ஆற்றுக்கு அழைத்து வருகிறார்கள். கரகம் பாலித்து முடிந்ததும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் பூசாரி தீர்த்தமாகக் கொடுப்பார். முதலில் பிள்ளைகளுக்கு. என் பிள்ளைக்காம்பராப் பிள்ளைகள் அத்தனைக்கும். அதிலும் மீனம்மா, இரண்டாவதாகப் பெற்ற ஆண் குழந்தைக்கு அம்மன் தீர்த்தம் படாமல் வேறு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுப்பதில்லை என்று நேர்ந்திருந்தாள். அவன் அதுவரைக்கும் தாய்ப்பால் தவிர வேறொன்றும் அறியாதவன்.

தேயிலைக்குள் விழுந்து ஓடினேன். கவ்வாத்துப் பண்ணி வெட்டின செடியின் குச்சி காலைக் கிழித்தது. ஓடிய ஓட்டத்தில் ஒன்றும் உறைக்கவில்லை.

ஆற்றங்கரையில் ஏகக் கூட்டம். பெண்கள் குலவை போட்டார்கள். எல்லார் முகத்திலும் எனக்குப் பிடிபடாத ஒரு சந்தோஷம். என்னைக் கண்டதும் ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆயாம்மா, பாருங்க! அம்மா ஆத்துல பால் ஊத்தியிருக்கா! என்னா வாசம் பாருங்க!"

பீலிக்குப் பக்கத்தில் தேங்கின கசத்தில் தண்ணீர் வெளுத்துப்போய்க் கிடந்தது. அதை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், தலையில் தெளித்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது, இத்தனை பேருக்கு முன்னால் நான் ஒருத்திதான் பைத்தியமா என்று. சின்னராசா மஞ்சள் வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றான். போன வருஷக் குறையைத் தீர்க்க இந்த வருஷம் கரகமே அவன்தான் எடுக்கிறான். கரையில் மீனம்மா மஞ்சள் சேலையில், இடுப்பில் பிள்ளை, கையில் பித்தளைச் செம்பு. செம்பில் தண்ணீர் மொண்டாகிவிட்டது. பூசாரி பொன்னையா வேப்பிலையோடு கரகச் செம்புக்குக் குனிந்துகொண்டிருந்தார்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

தப்பு நின்றது. கரகத்தை மறிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் கொலைக்குச் சமம். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"பூசாரியய்யா, அது பால் இல்லைங்க. மேல்கணக்குல பினாயில் ஊத்திட்டாங்க. குழி செத்துப்போயி கக்கூசுத் தண்ணி அப்படியே வருதுங்க. ஒருத்தரும் வாயில வச்சிராதீங்க."

எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். அம்மா தண்ணியைக் கக்கூஸ் தண்ணி என்கிறாள் என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஓர் இளவட்டம் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் வீரய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பல்லைக் கடித்தார். குழி கட்டுவதற்குத் தோட்டத்து மேனேஜர் தொரையோடு சண்டை போட்டதே இந்த மனுஷர்தான்.

"ஏங்க சுகிர்தம், நீங்க வேதக்காரங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு வாய மூடிக்கிட்டு இருக்கக்கூடாதா? குழியால கரகம் நின்னுச்சுன்னா நாளைக்கே சனம் அதை ஒடைச்சுத் தள்ளிப்புடும். அப்பறம் தொரை இன்னொண்ணு கட்ட விடுவாரா?"

அவர் சொன்னது நியாயம்தான். குழி உடைந்தால் பழையபடி கான் நேராக ஆற்றுக்கு. வாயைத் திறந்தால் நாளைக்கு ஆபத்து, மூடினால் இன்றைக்கு. மீனம்மாவின் பிள்ளை செம்பைப் பிடிக்கக் கையை நீட்டி நீட்டித் துள்ளியது.

"ஒடைச்சா ஒடைக்கட்டுங்க தலைவரே. குழியக் கட்டுனதே புள்ளைங்களுக்குத்தானே" என்றேன்.

பூசாரி நிமிர்ந்தார். குரல் உயர்த்தாத மனுஷர், அதனாலேயே எல்லாரும் பயப்படுவார்கள்.

"பினாயில் ஊத்துனதுக்கு யாரு சாட்சி?"

என் பின்னாலேயே ஓடி வந்த காளியாயி கூட்டத்து ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கைகாட்டினேன். அவள் ஆற்றைப் பார்த்தாள், குலவை போட்ட பெண்களைப் பார்த்தாள். பால் பால் என்று அவர்கள் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரிந்தது. அத்தனை பேரின் பாலைத் தன் வாயால் பினாயில் ஆக்க அவளுக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

கூட்டம் என் மேல் பாய இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மீனம்மாவின் கையிலிருந்த செம்பை வாங்கிக் காளியாயியிடம் நீட்டினேன்.

"அப்ப நீ ஒரு வாய் குடி அக்கா. அம்மா ஊத்துன பால்தானே? மொதல்ல நீ குடி. உன் பேரப்புள்ள அங்க நிக்குறான், அவனுக்கும் ஒரு வாய் குடு."

காளியாயி செம்பை வாங்கிக்கொண்டாள். வாய் வரைக்கும் தூக்கினாள். அவள் பேரன் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எனக்கு எனக்கு என்றான். தண்ணீர் அலம்பிச் சேலையில் சிந்தியது. செம்பு அப்படியே கீழே இறங்கியது.

"நாந்தான் சாமி ஊத்துனேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். "சுத்தமா இருக்கட்டுமேன்னுதான் ஊத்துனோம். வேற ஒண்ணும் நெனைக்கல சாமி."

தலையில் தெளித்துக்கொண்ட பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். எனக்கு அவர்கள் மேல் இரக்கம்தான் வந்தது. பால் என்று நம்பினது ஒரு குற்றமா? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஓடிவந்த படபடப்பு எல்லாம் பேச்சாக வந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! குழிக்குள்ள உசிரு இருந்தாத்தான் தண்ணி சுத்தமாகும். அது செத்துட்டா போன வருசத்துத் தண்ணிதான் திரும்ப வரும். மேல போறது அப்படியே கீழ நம்ம குடத்துல. அந்தத் தண்ணியாலதானே போன வருசம்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நேரம் கடந்துவிட்டது. மீனம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் என்னாக்கா?"

"ஒண்ணுமில்ல புள்ள."

"சொல்லுங்க. எம்புள்ளைய அம்மா எடுக்கலையா?"

கரகச் செம்போடு சின்னராசா தண்ணீரில் நின்றான். அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பொய் சொல்லியிருக்கலாம். பெற்றவள் ஒருத்தியின் நிம்மதிக்காக ஒரு பொய் சொன்னால் ஆண்டவர் கோபிக்கமாட்டார். ஆனால் அவள் இடுப்பில் இன்னொரு பிள்ளை இருந்தது.

"இல்ல மீனா" என்றேன். "அம்மா எடுக்கல. தண்ணிதான்."

அவள் தலையைத் திருப்பி மேல்கணக்கு லயங்களைப் பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்த லயம் அங்கேதான் இருக்கிறது. அவள் ஆத்தாளும் தங்கச்சிகளும் இன்றைக்கும் அங்கேதான். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. காளியாயியின் மடியிலிருந்து செம்பை எடுத்தாள், கரையில் கவிழ்த்தாள், கடைசிச் சொட்டு வரைக்கும் உதறினாள். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகத் தங்கள் குடங்களைக் கவிழ்த்தார்கள்.

பூசாரி பொன்னையா வேப்பிலையைக் கையில் வைத்தபடி யோசித்தார். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கரகம் இந்தக் கரையில்தான் பாலித்திருக்கிறது. பாலிப்பதற்குக் கரகம் மேலே ஏறிப் போனதாகக் கதைகூடக் கிடையாது.

"லயத்துக்கு மேல காட்டோரத்துல ஊத்து இருக்குல்ல வீரய்யா?"

"இருக்குங்க."

"கரகம் மேல ஏறட்டும். அங்க பாலிப்போம். சின்னராசா, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு ஏறி வா." பிறகு என்னைப் பார்த்தார். "குழிக்கு என்னா செய்யணும்மா?"

"ஆத்துக்கு ஒரு சொட்டு விடக்கூடாதுங்க. கக்கூசுத் தண்ணிய வேற ஒரு குழி தோண்டி அங்க திருப்பிட்டு, இதுக்குச் சாணியக் கரைச்சு ஊத்தணும். சாணியிலதான் அந்தப் பூச்சிங்க திரும்பப் பொறக்கும். கொஞ்ச நாள் எடுக்கும்."

"சாணி தீட்டு இல்ல" என்றார் பூசாரி, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி. "கோயிலு மெழுகச் சேத்து வச்சது இருக்கு. போற வழியில தூக்கிட்டுப் போங்க. கரகம் குழியத் தாண்டித்தான் போவும்."

குழியை உடைக்கத் துடித்துக்கொண்டிருந்த அதே இளவட்டங்கள் கூடை தேடி ஓடினார்கள். வீரய்யா காளியாயியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். தப்பு மறுபடி முழங்கியது. சனம் கரகத்தோடு மலையில் ஏறத் தொடங்கியது.

மீனம்மா மட்டும் போகவில்லை. கரைக்கல்லில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட எனக்குத் துணிவு வரவில்லை.

"ஒரு வருசம்" என்றாள். "மஞ்சக் கட்டிக்கிட்டு, விரதம் இருந்துக்கிட்டு, மனசுக்குள்ள மாரியம்மனத் திட்டிக்கிட்டே இருந்தேங்க்கா. நாசமாப் போவன்னு திட்டுனேன். எம்புள்ளையத் தின்னவளேன்னு திட்டுனேன். திட்டிட்டுப் பயந்து பயந்து கும்புட்டேன். இவனையும் எடுத்துருவாளோன்னு."

பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தது. அவள் அதன் வாயைத் துடைத்தாள்.

"அவ ஒண்ணும் பண்ணலங்குறீங்க. எங்க ஆத்தாவும் தங்கச்சிகளும் குளிச்ச தண்ணி, கழுவுன தண்ணி. அவங்களத் திட்ட முடியுமா? காளியாயியத் திட்ட முடியுமா? இனி நான் யாரத் திட்டுறது, சொல்லுங்க."

வெள்ளைக்காரனைச் சொல்லலாம், அவன் கப்பலேறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தொரையைச் சொல்லலாம், அவர் பங்களா இங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

"என்னையத் திட்டு" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுத் திட்டத் தொடங்கினாள். கரகம் ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்து மேலே குலவைச் சத்தம் கேட்ட பிறகும் அவள் நிறுத்தவில்லை.